அளவுக்கு நிற்கிற ஆள்

முதலில் தொம்மென்று ஓர் அடி. அந்த அடி மண்ணுக்குள்ளேயே நடந்து, கால்வாயைத் தாண்டி, வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி, சமையல் பலகையில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கும். கிலுகிலுப்பு அடங்கும். அடங்கி, இனி வராது போலிருக்கிறது என்று நினைக்கிற நேரத்தில் அடுத்த தொம். பவர் ஹவுஸ் கட்டுகிறார்கள், அதற்குப் பைல் அடிக்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு சம்மட்டியைக் கிரேனில் கட்டி மேலே தூக்கிப் போட்டுத் தூணைச் சேற்றுக்குள் இறக்குகிற வேலை. அம்மா அடுப்பு வேலையின் நடுவில் இடது உள்ளங்கையைத் தட்டுகளின் மேல் வைத்துக்கொள்வாள், அழுகிற பிள்ளையின் முதுகில் வைப்பது போல. ஒரு நாள் மத்தியானம் சத்தம் நின்றது. ஓர் அடி விழுந்தது, தட்டுகள் கிலுகிலுத்தன, அடுத்தது வரவில்லை. அம்மா கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள். அது எந்த நாள், அப்பா போவதற்கு முன்பா பின்பா என்பதுதான் வனமயிலுக்கு எப்போதும் பிடிபடுவதில்லை. முன்பு என்று வைத்துக்கொண்டால் அப்பா சாயங்காலம் வந்து சாப்பிட்டதாக ஒரு ஞாபகம் வருகிறது. பின்பு என்று வைத்துக்கொண்டால் அம்மா அப்படி நின்றதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. எழுபது வயதுக்குப் பிறகு ஞாபகத்தைத் தட்டு மாதிரி அடுக்க முடிவதில்லை. ஒன்றை இழுத்தால் இன்னொன்று கிலுகிலுக்கிறது.

இந்தக் கூடத்தில் சத்தமே இல்லை. குளிர்சாதனத்தின் முனகல், தம்பி முனிரத்தினத்தின் செருப்புத் தேய்ப்பு, அவ்வளவுதான். சுவர் நெடுகப் பெரிது பெரிதாகப் படங்கள். பவர் ஹவுஸை இடித்துத் தரைமட்டம் ஆக்கியபிறகு, அது எழும்பியபோது எடுத்த படங்களைத் தேடியெடுத்து மாட்டியிருக்கிறார்கள். பேப்பரில் செய்தி பார்த்துவிட்டு வனமயில்தான் தம்பியை இழுத்துக்கொண்டு வந்தாள். வாழ்நாள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்துப் பிழைத்தவள் அவள். குரலை ஒருதரம் கேட்டால் பத்து வருஷம் கழித்தும் யார் என்று சொல்லிவிடுவாள், முகம் நிற்பதில்லை. அப்பாவின் குரல் இப்போதும் இருக்கிறது, "மயிலு, எட்டிப் புடி" என்கிற குரல். முகம் இல்லை. வீட்டில் ஒரு போட்டோவும் இல்லை. மாதாமாதம் போட்டோவுக்கு நின்ற மனுஷனுக்கு வீட்டில் ஒரு போட்டோ இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றுதான் வந்தாள். பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் கால்வாய்க்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் வேறொருத்தியோடு இருந்துகொண்டு, ஒன்றும் நடக்காதது போல வேலைக்கு வந்து நிற்க ஒருவனால் முடியுமென்றால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். பார்த்து என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

முட்டி வலி என்று தம்பி லிஃப்டில்தான் வருவேன் என்றான். லிஃப்ட் வாசல் கூடத்தின் மறுகோடியில் திறந்தது. அதனால் கடைசிப் படம்தான் முதலில் வந்தது. எல்லா விளக்கும் எரிகிற பவர் ஹவுஸ், புகைபோக்கியின் உச்சியில் சிவப்பு விளக்காக இருக்கவேண்டிய ஒரு வெள்ளைப் புள்ளி. இனி நடக்க நடக்க அது இடிந்துகொண்டே போகும், பிரதட்சிணத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற மாதிரி, என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பிப் போய் முதலிலிருந்து வரலாமா என்று நின்றாள். "இன்னாத்துக்கு அலைஞ்சுகினு, எங்கேருந்து பாத்தாலும் அதே செங்கல்லுதான்" என்றான் முனிரத்தினம். பிறகு படத்தின் அடியில் விரலை நீட்டினான். "அதோ நிக்கிறாரு பாரு உங்கப்பா." உங்கப்பா. அறுபது வருஷமாக அப்படித்தான் சொல்கிறான், தனக்கு வேறொரு அப்பா இருந்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இனிஷியலுக்கு அம்மா பெயரைப் போடச் சொல்லி அழுது புரண்டவன் அவன். துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ரிடையர் ஆகும்வரை தனபாக்கியத்தின் த-வோடுதான் கையெழுத்துப் போட்டான். கேட்கிறவர்களுக்குத் தந்தை பெயர் தணிகாசலம் என்று ஒரு பொய்யை வைத்திருந்தான். ஏகாம்பரம் என்ற பெயரை அவன் வாயால் அவள் கேட்டதில்லை.

நிற்பது உண்மை. புகைபோக்கிக்குக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மனிதன். தலையில் முண்டாசு, கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட ஆளுயர அளவுக்கட்டை, வெள்ளைச் சட்டை, அதில் இடது பக்கம் மட்டும் கறுப்பாய் ஒரு பை. அதுதான் அப்பாவின் வேலை. மாதாமாதம் போட்டோக்காரர் வந்து ஒரே இடத்தில் காமிராவை வைத்து எடுப்பார். கட்டடம் எவ்வளவு உயர்ந்தது என்று தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிய, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும். மற்ற நாட்களில் அப்பா மண் சுமந்தார். போட்டோ நாளில் மட்டும் குளித்து, சட்டை மாற்றி, அசையாமல் நின்றார். "உங்கப்பன் சும்மா நிக்கிறதுக்குக் காசு குடுக்குறானுங்கடி" என்று அம்மா சிரித்த குரல்கூட இருக்கிறது. அந்தச் சட்டையின் பை கிழிந்து, வெள்ளைத் துணி அகப்படாமல், பழைய குடைத் துணியை வெட்டி அம்மா தைத்தாள். தைத்துவிட்டு அவளுக்கே வெட்கம். அப்பா போட்டுக்கொண்டு, "நெஞ்சில மழ பெய்யாது இனிமே" என்றார். ஆக, பை இருக்கிறது. குடைத் துணி இருக்கிறது. ஆள் இருக்கிறார். பிறகு ஏன் தனக்குள் ஒன்றும் அசையவில்லை? குரலில்லாமல் வந்த ட்ரங்க் கால் மாதிரி, லைன் இருக்கிறது, மறுமுனையில் மூச்சுகூட இல்லை.

அம்மாவும் இந்த வரிசையில் ஒன்றைத்தான் பார்த்தாள், கட்டடம் இவ்வளவு எழும்பாத காலத்தில். அப்பா வராமல் போனபிறகு, முனிரத்தினத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வனமயில் முந்தானையைப் பிடித்துக்கொள்ள, அம்மா பவர் ஹவுஸ் கேட்டுக்குப் போனாள். முதல் தடவை உள்ளே விடவில்லை. மறு மாதம் போனபோது கேட்டில் இருந்த கிளார்க் சலித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு போட்டோவை எடுத்து வந்து நீட்டினார். "இந்தாம்மா, போன வாரம் புடிச்சது. உம் புருஷன் இதோ கம்பமாட்டம் நிக்கிறான். வேலைக்கு வரான் போறான். ஊட்டுக்கு ஏன் வரலன்னு நீதான் கேக்கணும், கம்பெனியக் கேட்டா?" பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அம்மா போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். முகம் எறும்பளவு. அவள் பார்த்தது பையை.  வீட்டுக்கு வரும் வழியில் கால்வாய்ப் பாலத்தின் மேல், "என் தையல் எனக்குத் தெரியாதா" என்றாள், யாரோ மறுத்துப் பேசியது போல. அதன்பிறகு அவள் தேடவில்லை. பஞ்சாலைக்குப் போனாள். அக்கம்பக்கத்தார் ஜாடையாகக் கேட்டபோதெல்லாம், "அந்தாளு குத்துக்கல்லாட்டம் இருக்கான், நான் ஏன் அழிக்கணும்" என்று பொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். நெற்றியில் காசளவுக்கு ஒரு கோபம்.

அடுத்த படத்தில் புகைபோக்கி பாதி. அதற்கடுத்ததில் கால்வாசி. சாரங்கள், கொதிகலனின் இரும்புக்கூடு, வானத்தைக் கட்டம் கட்டமாக வெட்டுகிற உத்திரங்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஆள், அதே முண்டாசு, அதே கறுப்புப் பை. வலது கையில் அளவுக்கட்டை, இடது கை தொடையோடு ஒட்டி நேராக. நேராக. அந்தச் சொல்லில் வந்து அவள் மனம் இடறியது. அப்பாவின் இடது கை நேராகாது. சின்ன வயதில் எதிலிருந்தோ விழுந்து முழங்கை கூடாமல் போய், எப்போதும் பாதி மடங்கியே இருக்கும், வாளி மாட்டுகிற கொக்கி மாதிரி. அதில்தான் அவள் தொங்குவாள். மயிலு, எட்டிப் புடி. பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினால் அவர் வாசலுக்கும் குழாயடிக்கும் நடப்பார், அவள் ஆடிக்கொண்டே போவாள். அந்தக் கையின் உட்பக்கத்து வியர்வை அவள் விரல்களில் இப்போதும் இருக்கிறது. இல்லை, இருக்கிறதா? ஊஞ்சலில் ஆடிய பிள்ளை வேறு யாரோ, கொக்கிக் கை வேறு யாருடையதோ, பக்கத்து வீட்டு ராட்டினக்காரருக்குக்கூட ஒரு கை ஊனம்தான். எதிர்ப்பக்கமாக நடந்ததால் எல்லாம் குழம்புகிறது என்று நினைத்தாள். போட்டோவில் இருப்பதுதானே நடந்தது. தன் தலையில் இருப்பதற்கு என்ன சாட்சி? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். நேராகத்தான் இருந்தது.

"எல்லாரும் அவரைத்தாம்மா தேடித் தேடிப் பாக்குறாங்க" என்று பக்கத்தில் ஒரு குரல். கொஞ்சம் கரகரத்த, நல்ல மனசுள்ள குரல். இந்தப் படங்களை எடுத்த போட்டோக்காரர் செல்லையாவின் மகளாம், ரூபவதி என்று பெயர். தன் அப்பாவின் பெட்டிகளில் கிடந்த, படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை இவள்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். அறுபதைத் தாண்டியவள், காலில் கேன்வாஸ் ஷூ. "ஒரே ஆள்தானே?" என்று வனமயில் கேட்டாள். கேட்டது தன் குரல் மாதிரியே இல்லை, எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்கிற குரலாக இருந்தது. ரூபவதி சிரித்தாள். "அதுதான் வேடிக்கை. ஒரே சட்டை. ஆள் ரெண்டு பேர். ஆள் மாறினா போன மாசத்துப் படத்தோட ஒப்பிட்டுப் பாக்குற இன்ஜினியருங்களுக்குக் குழப்பம் வரும், சண்டைக்கு வருவாங்க. அதனால ஆள் மாறினாலும் சட்டை மாறக்கூடாதுன்னு அப்பா கண்டிப்பா இருப்பார். முதல்ல இருந்தவர் நடுவுல வராம போயிட்டாராம். அப்பா கைய பிசைஞ்சுக்கிட்டு நின்னப்ப மேஸ்திரி அந்தச் சட்டையக் கொண்டாந்து குடுத்தாராம். தொவைச்சு, மடிச்சு. சட்டை இருக்கே சார், எவனையாவது உள்ள வுட்டு நிறுத்துங்கன்னாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்." சொல்லிவிட்டு, கூடத்துக்குள் வந்த வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டாள்.

துவைத்து, மடித்து. யார் துவைத்தது? வனமயிலின் மனம் வேறெங்கும் போகாமல் அதிலேயே நின்றது. அந்தச் சட்டையை அம்மாதான் துவைப்பாள். போட்டோ நாளுக்கு மறுநாள் குழாயடியில் சோப்பு போட்டு, குடைத் துணிச் சாயம் வெள்ளையில் இறங்காமல் பையைத் தனியாகப் பிடித்துக் கசக்குவாள். அப்படியிருக்க யார் துவைத்தது, எதைப் போக்கத் துவைத்தது? மேஸ்திரி கையில் அது எப்படி வந்தது? கடைசியாக அப்பா வீட்டை விட்டுப் போனது போட்டோ நாள், குளித்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டுதான் போனார். வேறொருத்தியிடம் போகிறவன் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு போவானா? போகலாம். அவள் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்திருப்பாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ஒருத்தியை வனமயில் எத்தனையோ விதமாகக் கண்டிருக்கிறாள், மூக்குத்தியோடு, மூக்குத்தி இல்லாமல், சிரிக்கிறவளாக, சீக்காளியாக. அவளுக்குப் பெயர்கூட வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அவளை யாருமே பார்த்ததில்லை. அம்மா பார்த்ததில்லை. கிளார்க் சொன்னது அவர் வேலைக்கு வருகிறார் என்பது மட்டும்தான். மீதியை யார் சொன்னார்கள்? குழாயடியில் யாரோ, பிறகு அம்மா, பிறகு தான். ஒரு தையலை வைத்து ஒரு பெண்ணையே தைத்துவிட்டோம். பயமாக இருந்தது. சட்டைக்குள் ஆள் இல்லாமல் சட்டை மட்டும் மாதாமாதம் வந்து நின்றிருக்கிறது, அதைப் பார்த்து அம்மா பொட்டு வைத்திருக்கிறாள்.

முனிரத்தினம் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னாள். கோர்வையாக வரவில்லை, சட்டை, கை, மேஸ்திரி என்று முன்னும் பின்னுமாக வந்தது. அவன் குறுக்கிடாமல் கேட்டான். "அவர் ஓடிப்போவலடா, ஏதோ ஆயிருக்குடா" என்று அவள் முடித்தபோது, "அத நீ எப்படிச் சொல்லுவ?" என்றான். "இந்தப் பொம்பள சொன்னத வச்சா? சட்டைய அவுத்துக் குடுத்துட்டுக்கூடப் போயிருக்கலாம்." "இருக்கலாம்" என்றாள். "அப்புறம் இன்னா?" "இல்லாமலும் இருக்கலாம்." அவன் கூடத்தின் கூரையைப் பார்த்தான். "எனக்கு இது வேணாம்க்கா. அறுபது வருஷம் அந்தாள வெறுத்தே பொழுத ஓட்டிட்டேன். குடிக்கக்கூடாது, பொண்டாட்டிய உடக்கூடாது, ராத்திரி எத்தினி மணியானாலும் ஊட்டுக்கு வந்துரணும், எல்லாம் அந்தாள நெனச்சுத்தான். இப்போ வந்து அவர் அங்கியே பூட்டாருன்னா நான் யாரக் காரணம் காட்டறது?" அவன் குரல் அவளுக்குத் தெரியாத குரலாக இருந்தது. முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தி, "கை மடங்கியிருக்கும்னு சொன்னியே, எந்தக் கை?" என்றான். "இடது கை." அவன் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அவள் கூடவே நடந்தான்.

இன்னும் நான்கைந்து படங்கள். இரும்புக்கூடு குட்டையாகிக் குட்டையாகி மண்ணோடு போனது. நேரான கை, நேரான கை. பிறகு ஒரு படத்தில் ஆளே இல்லை. சேறு, சேற்றில் பாதி இறங்கிய தூண், அதன் மேலே கிரேனில் சம்மட்டி, உச்சிக்கும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் தொங்கியது. அளவுக்கட்டை மட்டும் ஒரு மண்மேட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, யாரோ இப்போது வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பது போல. தூரத்தில் ஏழெட்டுப் பேர் ஒரு குழியைச் சுற்றி முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார்கள். குழியில் என்ன பார்த்தார்களோ. தண்ணீர் ஊறியிருக்கும். அல்லது மதியச் சாப்பாட்டு நேரம், யாரோ தூக்குச் சட்டியைத் தவறவிட்டிருப்பார்கள். வனமயில் குனிந்து அந்தச் சம்மட்டியைப் பார்த்தாள். ஓர் அடி விழுந்தது, தட்டுகள் கிலுகிலுத்தன, அடுத்தது வரவில்லை. முன்பா பின்பா. போட்டோவுக்குச் சத்தம் கிடையாது, ஆனால் இந்த ஒரு போட்டோவில் சத்தம் நின்றது தெரிந்தது. வீட்டில் அம்மா தட்டுகளின் மேல் கையை வைத்து நின்றுகொண்டிருந்தது இதே நேரமாக இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சத்தம் எத்தனையோ நாள் நின்றிருக்கும், மழைக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு, டீசல் தீர்ந்ததற்கு. சாயங்காலம் அப்பா வந்து சாப்பிட்டாரே. சாப்பிட்டது அன்றைக்குத்தானா?

அதற்கடுத்த படத்தில் கை மடங்கியிருந்தது. முனிரத்தினம்தான் முதலில் பார்த்தான். தன் இடது கையை மெல்ல மடக்கிப் பார்த்துக்கொண்டான். நகத்தளவு மனிதன், கொக்கிக் கை, அந்த மடக்கில் அளவுக்கட்டையை அணைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் மாதிரி ஒருபக்கம் லேசாகச் சாய்ந்து நின்றார். கறுப்புப் பை. முகம் இங்கேயும் இல்லை, முண்டாசின் நிழல். வனமயிலுக்கு அழுகை வரவில்லை, விரல்களில் மட்டும் அந்த வியர்வை வந்தது. அப்படியென்றால் அப்பா பவர் ஹவுஸையே பார்க்கவில்லை. ஒரு செங்கல்கூட அவர் பக்கத்தில் உயரவில்லை. விளக்கு எரிந்த அன்று தெருவே கைதட்டியபோது, அங்கே எங்கோ நின்று அந்தாளும் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே சிம்னி விளக்கோடு உட்கார்ந்திருந்தாளே. எதற்குச் சாத்தினாள், யார்மேல் சாத்தினாள்.

கடைசியில் முதல் படம். பவர் ஹவுஸ் முழுதும் கரைந்துபோய், வெறும் நிலம், தேங்கிய தண்ணீர், இரண்டு ஈச்ச மரம். நடுவில் அவர் மட்டும். அளப்பதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாமல், ஒன்றுமில்லாதது எவ்வளவு பெரிது என்று காட்ட நிற்கிறவர் மாதிரி. பை வெள்ளையாகத்தான் இருந்தது, இன்னும் கிழியவில்லை. ரூபவதி திரும்பி வந்து, "பாத்தீங்களா, இவர்தான் முதல் ஆள். பேர் தெரியல. யாராவது சொன்னா கீழ எழுதி வைக்கலாம்னு இடம் விட்டிருக்கோம்" என்றாள். வனமயில் வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன ஆகும், எதை எழுதுவார்கள், இருந்தவர் என்றா இறந்தவர் என்றா என்று அவள் குழம்பி நிற்கும்போதே, பக்கத்தில் முனிரத்தினத்தின் குரல் கேட்டது. "ஏகாம்பரம்" என்றான். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "எங்கப்பா." ரூபவதி அவன் முகத்தைப் பார்த்தாள், அவள் கை தானாக வாயைப் பொத்தியது.  அவன், "அப்போ அம்மா?" என்று கேட்டான், அக்காவிடம் கேட்கிற மாதிரியும் இல்லை.  அவன்தான் கொள்ளி வைத்தவன், அம்மா எப்படிப் போனாள் என்று அவனுக்கே தெரியும். தனபாக்கியம் பஞ்சாலை மூடிய மறு வருஷம், ஒரு மாசி மாதத்துக் காலையில் இறந்துபோனாள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, அவள் நெற்றிக்கு வழக்கமான அந்தப் பெரிய பொட்டோடுதான் எடுத்துக்கொண்டு போனார்கள்.